டாஸுக்கு நாங்கள் எழுதிய ஒன்பது யோசனைகள்

1. ஏ.சி. அறை

எண்பதுகளின் நடுவில், அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் தொழிற்சாலையில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். பெயர் வேண்டாம், இப்போது அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு இதில் பங்கில்லை. வீடு பெரம்பலூரில். காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்து அரியலூர் வந்து, அங்கிருந்து கம்பெனி வேனில் போவேன். இறங்கும்போது புடவை என்ன நிறமாக இருந்தாலும், சாயங்காலம் திரும்பும்போது சாம்பல் நிறம்தான்.

ஒரு நாள் மெட்ராஸ் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அதற்காக ஒரு அறைக்கு ஏ.சி. போட்டார்கள். தொழிற்சாலையில் அதற்கு முன் ஏ.சி. இருந்தது ஜி.எம். அறையில் மட்டும்தான். அதனால் வந்திருப்பது இன்னொரு ஜி.எம். என்றே பலரும் எடுத்துக்கொண்டார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சிலர் கும்பிட்டுவிட்டும் போனார்கள்.

கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பொறுப்பு கோபாலன் சார். மெட்ராஸில் மூன்று மாதம் பயிற்சி எடுத்தவர். எந்தப் பிரச்சினை வந்தாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். துடைத்து முடிப்பதற்குள் பிரச்சினை வேறு யார் தலையிலாவது விழுந்திருக்கும்.

முதல் நாள் அவர் என்னை உட்காரவைத்து, "வசந்தா, உனக்கு டைப்பிங் ஸ்பீடு இருக்கு. மத்ததை மெஷின் பாத்துக்கும்" என்றார்.

"மெஷின் ஏதாவது கேட்டா என்ன சார் சொல்றது?"

"ஒய் அடி. ஒய்னா எஸ். என் அடிச்சா நோ. நோ நமக்கு வேண்டாம்மா."

இந்த ஒரு வரிதான் என் மொத்தப் பயிற்சி. குறை சொல்லவில்லை. ஆறு வருஷமாக எந்த அதிகாரி என்ன கேட்டாலும் "எஸ் சார்" என்று சொல்லித்தான் அங்கே பிழைத்தேன். மெஷினுக்கும் அதையே சொல்லச் சொன்னார். எனக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.

இளையவர்களுக்கு ஒரு விளக்கம். அப்போது மவுஸ் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. அதை நடத்துவதற்கு டாஸ் என்று ஒரு சிஸ்டம். கமாண்டை எழுத்து பிசகாமல் அடித்தால் வேலை நடக்கும். இரண்டு பிளாப்பி டிரைவ். ஏ என்பதில் புரோகிராம், பி என்பதில் நம் ஃபைல்கள். பிளாப்பி என்பது உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய, வளைகிற கறுப்பு அட்டை. அதில் நீள்வட்டமாக ஒரு திறப்பு இருக்கும், அதன் வழியாகத்தான் மெஷின் உள்ளே இருப்பதைப் படிக்கும். அந்தத் திறப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. நிலம்

மெஷினில் நான் முதலில் ஏற்றிய முக்கியமான ஃபைலுக்குப் பெயர் நிலம். டாஸில் எட்டு எழுத்துக்கு மேல் பெயர் வைக்க முடியாது. இது அதற்குள் அடங்கியது.

சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள் முப்பத்தோரு பேரின் பட்டியல் அது. நிலம் கொடுத்த குடும்பத்தில் ஒருவருக்கு வேலை என்று கம்பெனி வாக்குக் கொடுத்திருந்தது. எந்த வரிசையில் என்று கேள்வி வந்தபோது, ஒரு நாள் குறித்து, அன்று தொழிற்சாலை கேட்டுக்கு வந்து வரிசையில் நின்று மனுக் கொடுக்கச் சொன்னார்கள். மனுவில் எண் கிடையாது, தேதியும் எல்லாவற்றிலும் ஒன்றே. நின்ற வரிசைப்படி ஒரு நோட்டில் எழுதினார்கள். அந்த நோட்டைப் பார்த்துத்தான் நான் அடித்தேன்.

அடித்து முடித்ததும், ஆள் எடுப்பதைக் கவனிக்கும் பர்சனல் ஆபீசர், எல்லாரும் பி.ஓ. என்போம், எந்தப் பதிவேட்டிலும் ஏறாத அந்த நோட்டைப் பழைய பேப்பரோடு போடச் சொல்லிவிட்டார். "கம்ப்யூட்டர் வந்தாச்சு. இனிமே நோட்டு எதுக்கு? நாம முன்னேறணும்" என்றார். அவர் முன்னேறியதும் நோட்டு கிலோக் கணக்கில் போய்விட்டது.

வரிசையில் எட்டாவது பெயர் அஞ்சலை. புருஷன் இல்லை. இரண்டு ஏக்கர் கரிசல் காடு கொடுத்தவர். செவ்வாய்க்கிழமை மனு நாள். தவறாமல் வந்து, வருகைப் பதிவு நடக்கும் டைம் ஆபீஸ் ஜன்னலில் நின்று என்னைக் கூப்பிடச் சொல்வார்.

"யம்மா, என் நம்பரு இன்னும் எட்டுதானா?"

"எட்டுதான் அக்கா."

"மிசினுக்குள்ள பத்திரமா இருக்குல்ல?"

"இருக்கு அக்கா."

"எறங்காம பாத்துக்க. நெலம்தான் போச்சு. நம்பராச்சும் இருக்கட்டும்."

அப்போதுதான் பேக்கிங் பிரிவுக்குப் பத்துப் பேரை எடுப்பது என்று முடிவானது. எட்டாம் எண்ணுக்கு வேலை உறுதி. அஞ்சலையிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் கம்பியைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "அப்ப அடுத்த செவ்வாக்கெழம வந்து மறுபடி கேட்டுக்கறேன்" என்று போனார்.

3. யோசனைப் பெட்டி

அந்தச் சமயத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. டாஸில் என்னென்ன மேம்பாடு தேவை என்று ஒவ்வொரு தொழிற்சாலையும் எழுதி அனுப்ப வேண்டும். மெஷின் விற்றவர்களுக்கு அதை அனுப்புவார்கள். ஜி.எம். உடனே எல்லாப் பிரிவுகளிடமும் யோசனை கேட்டார். மெஷினைத் தொட்டவர்கள் நானும் கோபாலன் சாரும் மட்டுமே என்பது யாருக்கும் ஒரு தடையாகத் தெரியவில்லை.

முதல் யோசனை பி.ஓ.விடமிருந்து. அதற்கு ஒரு பின்கதை உண்டு. ஒரு நாள் அவர் வந்து தானே ஒரு கமாண்ட் அடித்துப் பார்ப்பேன் என்று உட்கார்ந்தார். தன் பெயரையும் பட்டத்தையும் அடித்து என்டரைத் தட்டினார். திரையில் 'பேட் கமாண்ட்' என்று வந்தது. முகம் சிவந்துவிட்டது.

"ஆபீசர் குடுக்கற கமாண்டை பேட்னு சொல்ல இதுக்கு யாருய்யா அதிகாரம் குடுத்தது?"

கோபாலன் சார் கண்ணாடியைத் துடைத்தார்.

பி.ஓ. எழுதிக் கொடுத்த யோசனை இது: தொழிலாளர்கள் தவறாக அடித்தால் 'பேட் கமாண்ட்' என்றே வரலாம். அதிகாரிகள் அடித்தால், 'தங்கள் உத்தரவு பரிசீலனையில் உள்ளது' என்று வர வேண்டும்.

இரண்டாவது யூனியன் செயலாளருடையது. டிரைவில் கோளாறு வந்தால் டாஸ் மூன்று வழி காட்டும்: கைவிடு, மறுபடி முயற்சி செய், கண்டுகொள்ளாதே. அவர் அதைப் பார்த்துவிட்டு, "இது நம்ம மேனேஜ்மெண்ட் எழுதினதாட்டம் இருக்கே. நம்ம கோரிக்கையை இப்படித்தான் பண்றாங்க" என்றார். நான்காவதாகப் பேச்சுவார்த்தை என்று ஒரு வழி சேர்க்க வேண்டும் என்பது அவர் யோசனை.

டைம் ஆபீஸின் குறை தேதியைப் பற்றியது. காலையில் மெஷினைப் போட்டால் அது முதலில் தேதியைக் கேட்கும். அவசரத்தில் வெறும் என்டர் தட்டினால், 1980 ஜனவரி ஒன்று என்று தானாக எடுத்துக்கொள்ளும். தினமும் காலையில் அது புத்தாண்டில்தான் கண் விழிக்கும். "நேத்து வேலைக்கு வந்ததே ஞாபகம் இல்லாதவனுக்கு ஏ.சி. ரூம் எதுக்கு?" என்று கேட்டு, மெஷினுக்கும் பஞ்ச் கார்டு போட வேண்டும் என்று எழுதினார்கள். செக்யூரிட்டி பிரிவு, ஏ டிரைவிலிருந்து பி டிரைவுக்கு எது போனாலும் கேட் பாஸ் வேண்டும் என்றது. மேலும் மூன்று யோசனைகள் வந்தன. அவை டாஸைப் பற்றியவை அல்ல, ஏ.சி. அறையில் எல்லாரும் முறை வைத்து உட்காருவதைப் பற்றியவை. அவற்றையும் சேர்த்துக்கொண்டோம், எண்ணிக்கைக்கு ஆகும் என்று.

எட்டாவது, தபால் பிரிவு தங்கராசு அண்ணனுடையது. முப்பது வருஷ சர்வீஸ். உள்ளே வரும் எந்தத் தாளுக்கும் பித்தளை சீலால் ஓங்கி ஒரு குத்து, இன்வர்டு பதிவேட்டில் ஒரு எண். அவர் சீல் குத்துகிற சத்தம் மாடி வரை கேட்கும்.

"வசந்தா, இந்த மிசின்ல ஒரு பேப்பரை அழிக்கணும்னா எத்தனை பேரு கையெழுத்துப் போடணும்?"

"கையெழுத்தே இல்ல அண்ணே. கமாண்ட் அடிச்சா அழிஞ்சுடும்."

"உடனேவா?"

"உடனே."

அவர் என்னை நம்பவில்லை. "நம்ம ஆபீஸ்ல ஒரு குப்பைக் காயிதத்தைக் கிழிக்கணும்னாலும், கழிக்கிற பதிவேட்டுல ஏத்தி, ரெண்டு ஆபீசர் கையெழுத்து வாங்கி, மூணு வருசம் ரெக்கார்டு ரூம்ல போட்டு வச்சு, அப்பறம்தான் கிழிக்கிறோம். இது என்னம்மா இப்படி இருக்கு? அழிச்சதை மொதல்ல ஒரு ரூம்ல போட்டு வைக்கச் சொல்லு. வேணும்னா எடுத்துக்கலாம்ல?"

பி.ஓ. இதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "தபால்காரன் புத்தி. இதை எடுத்துடு" என்றார். நான் "எஸ் சார்" என்றேன்.

4. நிச்சயமா?

வெள்ளிக்கிழமை மதியம். யோசனைகளை அடித்து மறுநாள் அனுப்பியாக வேண்டும். காலி பிளாப்பி இல்லை. பழையது ஒன்றை எடுத்து, அதில் இருப்பதை அழித்துவிட்டு இதை ஏற்றலாம் என்று கோபாலன் சார் சொன்னார். பழைய பிளாப்பியை எடுத்து மேசையில் வைத்தேன். அதை மேசையிலேயே விட்டுவிட்டு கமாண்ட் அடித்தேன். பி டிரைவுக்குள் இருந்தது நிலம்.

எல்லாவற்றையும் அழி என்று அடித்தால் டாஸ் ஒரே ஒரு கேள்வி கேட்கும்: நிச்சயமா? ஒய் அல்லது என்.

மேலிடத்திலிருந்து ஒரு கேள்வி. என் விரல் யோசிக்கவே இல்லை, ஒய் அடித்தது. டிரைவில் சின்னதாக ஒரு சத்தம். விளக்கு அணைந்தது. அவ்வளவுதான், முப்பத்தோரு பேர் போய்விட்டார்கள். போனது தெரியாமல் நான் அதே பிளாப்பியின் மேல் யோசனைகளை வரிசையாக அடித்தேன். அழித்ததை மீட்க வழி உண்டு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். மேலே வேறு எதையும் எழுதாமல் இருந்தால் மட்டும். டாஸை எப்படி மேம்படுத்துவது என்று யோசனைகளை நான் எழுதியதே அவர்கள் பெயர்கள் இருந்த இடத்தில்தான்.

மேசையில் கிடந்த பழைய பிளாப்பி கண்ணில் பட்டபோதுதான் எனக்கு விளங்கியது. கோபாலன் சாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பதறாதே. வாராவாரம் காப்பி எடுத்து பி.ஓ. ஆபீசுக்குத் தபால்ல அனுப்பறோமே. நாலு காப்பி இருக்கும்."

நாலு காப்பியும் இருந்தன. சனிக்கிழமை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். ஒன்றுகூடப் படிக்கவில்லை. நாலிலும் அந்த நீள்வட்டத் திறப்பில், பளபளப்பாக இருக்கும் இடத்தில், 'பெறப்பட்டது' என்ற சீல் ஆழமாகப் பதிந்திருந்தது. தேதியும் இன்வர்டு எண்ணும் மட்டும் தெளிவாகப் படிக்க முடிந்தது.

தங்கராசு அண்ணனிடம் ஓடினேன். "ஏண்ணே இதுல குத்துனீங்க?"

"வந்ததுக்கு சீல் இல்லைன்னா அது வரவே இல்லைன்னு அர்த்தம்மா."

"வேற எடமே கெடைக்கலையா?"

"மத்த எடத்துல லேபிள் ஒட்டியிருந்துச்சு. அங்கதான் காலியா இருந்துச்சு."

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என் விரல் செய்ததைத்தான் அவர் கையும் செய்திருந்தது.

பி.ஓ.விடம் போய் நின்றபோது அழுதுவிட்டேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். ஆறு வருஷத்தில் உட்காரச் சொன்னது அதுவே முதல் தடவை. "இதுக்கு எதுக்கும்மா அழற? ஒரு லிஸ்ட் போனா இன்னொரு லிஸ்ட் போட்டுக்கலாம். நான் பாத்துக்கறேன்" என்றார். அந்தக் கனிவைப் பார்த்ததும் என் அழுகை நின்றுவிட்டது. பயம் அப்போதுதான் வந்தது.

5. செருப்பும் வரிசையில் சேர்த்தி

செவ்வாய்க்கிழமை மனு நாள். பத்துப் பேரை எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்து, முப்பத்தோரு பேரும் கேட்டுக்கு வந்திருந்தார்கள். ஜன்னலுக்கு உள்ளே நின்று பேச மனம் வரவில்லை. வெளியே போனேன்.

"லிஸ்ட்டை நான் தெரியாம அழிச்சுட்டேன். தப்பு என்னுதுதான்" என்றேன்.

பிறகு ஒரே சத்தம். அதில் நான் வாங்கிய வசவுகளை இங்கே எழுத முடியாது. வாங்க வேண்டியவைதான். கடைசியில் அஞ்சலைதான் முன்னால் வந்தார்.

"மிசின்ல அழிஞ்சா என்ன? நாங்க இங்கதான நிக்கிறோம்? அன்னிக்கு நின்ன மாதிரி நிக்கிறோம். நீ எழுதிக்க."

எனக்கு அது தோன்றவே இல்லை. ஒவ்வொருவருக்கும் தன் எண் மறந்திருக்கலாம். தனக்கு முன்னால் யார், பின்னால் யார் என்பது ஒருவருக்கும் மறக்கவில்லை. காலையிலிருந்து மதியம் வரை வெயிலில் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள். வரிசை மளமளவென்று சேர்ந்தது. ஏழாவது இடத்தில் மட்டும் தகராறு. கலியபெருமாள் என்பவரும் சவரிமுத்து என்பவரும் அது தன்னுடையது என்றார்கள். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் பேச, கைகலப்பாகிவிடும் போலிருந்தது.

அஞ்சலை சவரிமுத்துவைப் பார்த்துச் சொன்னார். "நீ நடுவுல பீடி வாங்கப் போயிட்டே. உன் எடத்துல செருப்பைத்தான் விட்டுட்டுப் போனே. கலியபெருமாளு அந்தச் செருப்புக்கு முன்னாடி நின்னாரு. நான் செருப்புக்குப் பின்னாடி நின்னேன். வாரு அறுந்த செருப்பு, ஊக்கு போட்டிருந்துச்சு."

சவரிமுத்து குனிந்து தன் காலைப் பார்த்தார். ஊக்கு அப்படியே இருந்தது.

அப்படியானால் ஏழு கலியபெருமாள், எட்டு சவரிமுத்து, ஒன்பது அஞ்சலை. "அக்கா, மெஷின்ல நீங்க எட்டாச்சே" என்றேன்.

"நோட்டுல எழுதுன ஆளு செருப்பை எண்ணலபோல, சவரிமுத்துவ பின்னாடி போட்டுட்டாரு. எனக்கு அது தெரியும். சொன்னா எறங்கிருவேனோன்னு சும்மா இருந்தேன். இன்னிக்கு எல்லாரும் உள்ளதைச் சொல்றாங்க. நான் மட்டும் எப்படிப் பொய் சொல்ல?" என்றார்.

முப்பத்தோரு பெயரையும் கையால் எழுதி, ஒவ்வொருவரிடமும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கினேன். நேராக தங்கராசு அண்ணனிடம் போனேன். அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். பதிவேட்டில் எண் ஏறியது. அன்று அந்தச் சத்தம் எனக்குக் கோயில் மணிபோல் கேட்டது.

6. என்

மறுநாள் பி.ஓ. கூப்பிட்டார். மேசையில் ஒரு தாள். பத்துப் பெயர்கள். முதல் மூன்று பெயர்கள் அந்த முப்பத்தோரு பேரில் இல்லாதவை. அதில் ஒன்றின் இனிஷியலும் ஊரும் பி.ஓ.வின் மைத்துனருடையவை. கலியபெருமாள் பத்தாவது. சவரிமுத்துவும் அஞ்சலையும் தாளில் இல்லை.

"இதை மெஷின்ல ஏத்திப் பிரிண்ட் எடுத்துக் குடு. கம்ப்யூட்டர் போட்ட லிஸ்ட்னு ஒட்டிட்டா ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான். சரியா?"

நிச்சயமா, ஒய் அல்லது என். அதே கேள்விதான், இந்த முறை மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. அப்பாவுக்கு வேலை இல்லை, தங்கைக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதெல்லாம் ஒரு நொடியில் வந்து போனது உண்மை.

"இல்ல சார்" என்றேன்.

"என்ன இல்ல?"

"இது அந்த லிஸ்ட் இல்ல சார். அவங்க கையெழுத்துப் போட்ட லிஸ்ட் தபால்ல இருக்கு. இன்வர்டு நம்பர் போட்டாச்சு."

அவர் கனிவு போன இடம் தெரியவில்லை. "ஃபைலை அழிச்சது யாரு? ஒரு மெமோ எழுதினா நீ வீட்டுக்குப் போகணும், தெரியுமில்ல?"

"அதையும் எழுதிக் குடுத்துட்டேன் சார். நேத்து சாயந்தரமே ஜி.எம்.முக்கும் மெட்ராசுக்கும் போயிடுச்சு."

சனிக்கிழமை போக வேண்டிய யோசனைகள் என் குழப்பத்தில் செவ்வாய்தான் போயின. அப்போது நான் ஒன்பதாவதாக ஒன்றைச் சேர்த்திருந்தேன். கேள்வியைப் படிக்காமல் ஒய் அடித்து முப்பத்தோரு பேரின் பட்டியலை நான் அழித்தேன் என்று தொடங்கும் அது. பி.ஓ. எடுக்கச் சொன்ன எட்டாவதையும் எடுக்காமல் விட்டுவிட்டேன்.

பி.ஓ. தபால் பிரிவுக்குப் போன் போட்டார். அந்த லிஸ்ட்டை மேலே அனுப்பு என்றார். தங்கராசு அண்ணன் பதில் சொன்னது எனக்கும் கேட்டது. "ஜி.எம். டேபிளுக்குப் போயிடுச்சுங்க சார். இன்வர்டு ஆனதை நான் எப்படிங்க சார் இல்லைன்னு சொல்றது? கழிக்கணும்னா ரெண்டு ஆபீசர் கையெழுத்து, மூணு வருசம் ஆகுங்க."

எனக்கு மெமோ வந்தது. ஆறு மாதம் பழைய டைப்பிங் பிரிவுக்குத் திருப்பி அனுப்பினார்கள், ஏ.சி. இல்லாத இடம். கோபாலன் சார் அந்த ஆறு மாதமும் தானே அடித்தார்; கண்ணாடி துடைக்க நேரம் இருந்திருக்காது. கையெழுத்துப் பட்டியல்படிதான் பத்துப் பேரை எடுத்தார்கள். வேலையில் சேரும் நாளில் அஞ்சலை ஆர்டரை எடுத்துக்கொண்டு பேக்கிங் பிரிவுக்குப் போகவில்லை. முதலில் தபால் பிரிவுக்குத்தான் போனார். "எதுக்கும் இதுல ஒரு குத்து குத்திக் குடுங்கண்ணே" என்றார். தங்கராசு அண்ணன் காலி இடம் பார்த்துக் குத்திக் கொடுத்தார்.

மெட்ராஸிலிருந்து பதில் வர நாலு மாதம் ஆனது. அதிகாரிகளுக்கு மரியாதையான வாசகம் வேண்டும் என்ற முதல் யோசனையை மிகவும் பாராட்டியிருந்தார்கள். மற்றவற்றைப் பற்றி ஒன்றும் இல்லை.

பல வருஷம் கழித்து, அழித்ததைப் போட்டு வைக்க ஒரு குப்பைத்தொட்டி படத்தோடு கம்ப்யூட்டர்கள் வந்தன. தங்கராசு அண்ணன் அப்போது ரிட்டயராகியிருந்தார். அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "மூணு வருசம் வச்சிருக்குமா?" என்றுதான் கேட்டார்.

என் ஒன்பதாவது யோசனையை இன்னும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அழிக்கும் முன் வெறுமனே நிச்சயமா என்று கேட்கக் கூடாது, உள்ளே இருப்பவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டிவிட்டுப் பிறகு கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். அன்று அஞ்சலை என்ற பெயர் ஒரு தடவை திரையில் வந்திருந்தால் என் விரல் ஒய்க்குப் போயிருக்காது. இப்போதுள்ள மெஷின்களும் எத்தனை என்றுதான் சொல்கின்றன, யார் யார் என்று சொல்வதில்லை. அதனால் அந்த வேலையை இன்றுவரை நானேதான் செய்துகொள்கிறேன். கேள்வி வந்தால் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முதலில் பெயர்களைப் படிக்கிறேன்.